நாலாவது எறியும் நாவூறும்

1

மாசிக் குளிரில், வட லண்டனில் ஒரு பல்கலைக்கழக மைதானத்தின் ஓரத்தில், கடதாசிக் குவளையில் ரீயோடு நின்றுகொண்டு நான் என் மகளின் எதிர்காலத்தைக் கெடுத்தேன். எதிர்காலம் என்பது கொஞ்சம் பெரிய சொல். இரண்டு கிழமை கழித்து வரவிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரம் அது எனக்குத் தெரியாது. மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் நான் செய்த சேதங்களில் பெரும்பாலானவை மரியாதையாக நடந்துகொண்ட நேரங்களில் செய்தவைதான்.

நடந்தது இவ்வளவுதான். மகள் ஆரணியின் அணிக்குக் கோச்சாக இருப்பவர் கரெத். வேல்ஸ்காரர், கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறார். ஆட்டத்தின் இடைவேளையில் என்னிடம் வந்தார். அவர் பேசியது ஆங்கிலம். வாசகர் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.

"கடைசி ஆட்டம் வருகிறது. வென்றால் அடுத்த வருடம் மேல் பிரிவில் விளையாடலாம். எறிவதற்கு என்னிடம் இரண்டு பேர், ஆரணியும் ஹன்னாவும். யாரை இறக்குவது என்று எனக்கு முடிவு வரவில்லை. நீங்கள் அவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். நெருக்கடி என்று வந்தால் அவள் எப்படி?"

நான் சிரித்தேன். "அவளா? பெரிதாக ஒன்றும் இல்லை. சும்மா எறிவாள். நெருக்கடி வந்தால் கொஞ்சம் பதறுவாள். ஹன்னா எவ்வளவோ திறம்."

கரெத் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக் குலுக்கி, "இவ்வளவு நேர்மையாகச் சொல்கிற தகப்பனை நான் கண்டதில்லை" என்றார்.

ஹரோவிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க மனம் நிறைவாக இருந்தது. பிள்ளையைப் பற்றிப் பெருமையடிக்காத தகப்பன், வெள்ளைக்காரனே மெச்சிவிட்டான்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அது என்ன விளையாட்டு என்று சொல்லவேண்டும். நான் சொல்வது சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர். காலுக்கு அதில் அதிகம் வேலையில்லை. பந்தும் பந்து மாதிரி இல்லை, சின்னப் பப்பாப்பழம் மாதிரி இருக்கும். தலைக்கவசம் போட்டு முட்டி மோதி ஆளை ஆள் விழுத்துகிற வகை ஒன்று உண்டு. நல்லகாலம், ஆரணி விளையாடுவது அதுவல்ல. பெண்கள் அணி, பக்கத்துக்கு ஐந்து பேர், எல்லோருடைய இடுப்பிலும் நாடா தொங்கும். பந்து வைத்திருப்பவரின் நாடாவைப் பிடுங்கிவிட்டால் ஓட்டம் அவ்விடத்தில் நிற்கும். கிளித்தட்டு விளையாடியவர்களுக்குப் பாதி விளங்கியிருக்கும்.

நடுவில் நின்று பந்தை எறிகிறவருக்குக் குவாட்டர்பாக் என்று பெயர். அவருடைய ஆட்கள் நாலு பக்கமும் ஓடுவார்கள். அவர்களில் ஒருத்தியின் கைக்குப் பந்து போய்ச் சேரவேண்டும். அதற்குள் எதிரணியில் ஒருத்தி குவாட்டர்பாக்கின் நாடாவைப் பிடுங்குவதற்கென்றே பாய்ந்து வருவாள். நாலு தரத்துக்குள் குறித்த கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே நாலாவது எறி என்றால் எல்லோருக்கும் நெஞ்சிடி. கடைசிக் கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் ஏலாது; எறிந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். நெருக்கடி என்று கரெத் கேட்டது இவற்றைத்தான்.

இந்த விளையாட்டுக்கு ஆரணி எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்றால், படிப்படியாக. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைக் கூடைப்பந்துக்காக விட்டாள். கூடைப்பந்தைப் பல்கலைக்கழகத்தில் இதற்காக விட்டாள். ஒவ்வொரு படியிலும் எங்களிடம் அனுமதி கேட்டாள் என்பதையும் சொல்லவேண்டும். இங்கே பிள்ளைகள் அனுமதி கேட்பது, நகரசபைக் கவுன்சில் வீதியை மூடமுன் குடியிருப்பாளரின் கருத்தைக் கேட்பது போல. வீதி எப்படியும் மூடப்படும்.

3

புதன்கிழமை பின்னேரம் ஆரணி வீட்டுக்கு வந்தாள். அவள் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, கூடப் படிக்கும் மூன்று பிள்ளைகளோடு வீடெடுத்து இருக்கிறாள். வருவது சோற்றுக்கும் உடுப்புத் தோய்க்கவும். உடுப்பை மெஷினுக்குள் போட்டுவிட்டு, குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, கரெத்திட்ட என்னைப் பற்றி என்ன சொன்னனீங்க?"

"என்ன சொன்னனான்? கேட்டார், சொன்னன்."

"ஹன்னாதான் ஸ்டார்ட் பண்ணுறா. நான் பெஞ்ச். ஏன் எண்டு கேட்டன். 'உன்ர அப்பாவே நீ பதறுவாய் எண்டு சொன்னார்' எண்டு சொல்லுறார்." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "டிட் யூ ஆக்சுவலி ஸே தட்?"

அடுப்படியில் நின்ற என் மனைவி வதனி கரண்டியோடு திரும்பினாள். "என்ன சொன்னனீங்களாம்?"

"அது சும்மா ஒரு முறைக்குச் சொன்னது. ஆரும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் ஓம், அவள் பெரிய கெட்டிக்காரி எண்டு எழும்பி நிண்டு சொல்லுறதே?"

"பெருமையடிக்க வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுறனான்" என்றாள் வதனி. "பிள்ளையின்ரை காலை வாரச் சொல்லேல்லை."

ஆரணி தாயைப் பார்க்கவில்லை. "ஓகே. அது முறைக்குச் சொன்னது. அப்ப உண்மையா நீங்க என்ன நினைக்கிறீங்க? நான் டைட்டான நேரத்தில நல்லா எறிவனா, இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

எதையும் ஒளிப்பதற்காக அல்ல. ஒளிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அதுதான் சங்கடம். மூன்று வருடமாக மைதானங்களின் ஓரத்தில் நிற்கிறேன். குளிர் பற்றி, கார் நிறுத்தக் கட்டணம் பற்றி, அங்கே விற்கிற ரீயைப் பற்றி எனக்குத் தீர்க்கமான அபிப்பிராயங்கள் உண்டு. ஆட்டம் முடிந்ததும் "வெண்டதோ, தோத்ததோ?" என்று கேட்பேன். அவள் எப்படி எறிகிறாள் என்று பார்த்ததில்லை. புகழக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தால் பார்க்கவேண்டிய தேவையும் இல்லாமல் போய்விடுகிறது.

"ஓகே" என்றாள் மறுபடியும். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் ஓகே என்று இரண்டாம் தரம் சொன்னால், கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். சோறு வேண்டாம் என்றாள். மெஷின் நின்றதும் ஈர உடுப்பை அப்படியே பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள்.

4

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் யோகனைக் கண்டேன். வால்தம்ஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். என்னைவிட இளையவன். பூசை முடிந்து செருப்பைத் தேடும்போது வழக்கம்போல, "மகன் என்ன செய்யிறான்?" என்று கேட்டேன்.

"அவனோ அண்ணை, அவன் ஒரு மொக்கன். டொக்டருக்குப் படிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறான்."

இதில் ஒரு சொல்லையும் அப்படியே எடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். எங்களுக்குள் பிள்ளையைத் தாழ்த்திச் சொன்னால் கேட்பவர் அதை உயர்த்திக் கேட்டுக்கொள்வார். விருந்துக்குக் கூப்பிட்டு, மேசை கொள்ளாமல் கறிகளைப் பரப்பி வைத்துவிட்டு, "ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை, கையைக் கழுவுங்கோ" என்பதில்லையா, அது போல. வெளிப்படையாய்ப் புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும். நாவூறு என்பது நாக்கால் வருகிற கண்ணூறு. ஊரான் வாயால் வந்தாலே பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். பெற்றவன் வாயால் வந்தால் கேட்கவே வேண்டாம்.

நடந்ததை யோகனுக்குச் சொன்னேன். அவன் ஒரு செருப்பைப் போட்டபடி, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வெள்ளைக்காரனுக்கோ சொன்னனீங்கள்? விசரே அண்ணை உங்களுக்கு? உது எங்கடை ஆக்களுக்குள்ளை சொல்லுறதெல்லோ! அவங்கள் சொன்னதைச் சொன்னபடி நம்புற சாதி."

"வாய் பழக்கத்திலை வந்திட்டுது."

"போய்த் திருத்திச் சொல்லுங்கோ. கெட்டிக்காரி எண்டு சொல்லுங்கோ."

"கெட்டிக்காரியோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது யோகன்."

அவன் மற்றச் செருப்பையும் போட்டான். "அப்ப அதை முதல்லை பாருங்கோ" என்றான்.

ரயிலில் வரும்போது என் ஐயாவின் ஞாபகம் வந்தது. ஐயா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் சந்தையடியில் விளையாட்டு மாஸ்ரர் அவரை மறித்து, "உங்கடை பெடியனைக் கிரிக்கெட் ரீமிலை போடட்டோ?" என்று கேட்டார். ஐயா, "அவனோ சேர்? அவன் பந்தைக் கண்டால் கண்ணை மூடுவான்" என்றார். மாஸ்ரர் எங்கள் ஊர் ஆள். அதை உயர்த்திக் கேட்டுக்கொண்டு என்னை அணியில் போட்டுவிட்டார். முதல் பந்து வந்தது. நான் கண்ணை மூடினேன்.

ஐயா அன்றைக்கு முறைக்குச் சொன்னாரா, பார்த்துத்தான் சொன்னாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. ஆரணி என்னிடம் கேட்ட மாதிரி வாசலில் நின்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

5

அணியின் ஆட்டங்களை நீளத் தடியொன்றில் பூட்டிய கமராவால் படம் பிடித்து, பெற்றோர்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தார்கள். நான் ஒருநாளும் திறந்ததில்லை. சனிக்கிழமை திறந்தேன்.

எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. ஆனால் தவறிப்போன காரியங்களை ஆராய்வது என் தொழில். கவுன்சிலில் நான் பார்க்கிற வேலை, எடுக்கப்படாமல் விடப்பட்ட குப்பைத்தொட்டிகள் பற்றியது. தொட்டி எடுபடவில்லை என்று ஒரு முறைப்பாடு வந்தால் உடனே லொறிக்காரர்களைக் குறைசொல்லக்கூடாது. வீட்டுக்காரர் தொட்டியை வெளியே வைத்தாரா? வீதியை யாராவது காரால் மறித்தார்களா? பச்சைத் தொட்டிக்குள் மெத்தையைத் திணித்து வைத்தார்களா? இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லொறியின் பிழை. இந்தப் பாகுபாட்டை விளக்கி நான் எழுதிய அறிக்கை ஒன்று கவுன்சிலில் இருக்கிறது. அதை முழுதாக வாசித்தவர் நான் ஒருவன்தான் என்பது என் ஊகம்.

அந்த முறையையே பந்துக்கும் வைத்தேன். பந்து பிடிபடவில்லை என்றால் அது எறிந்தவளின் பிழைதான் என்றில்லை. பிடிக்கவேண்டியவள் கைவிட்டிருக்கலாம், வேறு பக்கம் ஓடியிருக்கலாம், ஒரு வழியும் இல்லாமல் எறிந்தவள் வேண்டுமென்றே வெளியே வீசியிருக்கலாம்.

முதலில் எல்லா எறிகளையும் சேர்த்துப் பார்த்தேன். ஹன்னாதான் முன்னுக்கு நின்றாள். அவள் எறிந்தால் பெரும்பாலும் பிடிபடும். நான் கரெத்துக்குச் சொன்னது தற்செயலாக உண்மையாகிவிட்டதோ என்று கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது. பிறகு இன்னொரு தரம் பார்த்தேன். ஹன்னா எறிவது கிட்ட நிற்கிறவளுக்கு. அதுவும் அவசரமில்லாத முதலாவது, இரண்டாவது எறிகளில். வாசலிலேயே தொட்டி வைத்திருக்கும் வீதிகளுக்கு மட்டும் போகிற லொறி மாதிரி.

ஆகவே அவசரமில்லாததையெல்லாம் தள்ளிவைத்தேன். நாலாவது எறிகள், கடைசிக் கோட்டடியில் எறிந்தவை, பாய்ந்து வருகிறவளின் கை நாடாவில் படப்போகும்போது எறிந்தவை ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பிடிபட்டதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தேன். ஓடுகிறவளின் நெஞ்சடிக்கு, அவள் ஓட்டத்தைக் குறைக்காமல் எட்டக்கூடிய இடத்துக்கு வந்ததா? பின்னால் போய் அவளைத் திரும்பவைத்ததா? மறித்து நிற்பவளுக்கு எட்டாத பக்கமாக வந்ததா?

வதனி பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு எறிக்கும் சரி, பிழை என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"பிழை" என்றேன் ஓரிடத்தில்.

"என்ன பிழை? நெஞ்சிலை பட்டெல்லோ விழுகுது. அந்தப் பிள்ளை கையிலை எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருக்கு."

"பந்து கொஞ்சம் பதிவு, இன்னும் உயர வந்திருக்கவேணும்."

"தட்டிலை வைச்சு நீட்டவோ? இப்பதானே, இதைவிடப் பதிவாய் எறிஞ்ச ஹன்னாவுக்குச் சரி போட்டனீங்கள்."

திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. பாரபட்சம் வந்துவிடக்கூடாது என்ற பயத்தில், சந்தேகமான பந்துகளையெல்லாம் சொந்தப் பிள்ளைக்குப் பிழை என்றும் மற்றவளுக்குச் சரி என்றும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் தகப்பன் வாத்தியாராய் இருக்கும் வகுப்பில் படித்தவர்களுக்கு இந்த நீதி தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினோம். இம்முறை தீர்ப்பு வதனியுடையது. அவளுக்கு விளையாட்டின் விதிகள் தெரியாது. ஒரு பொருள் கைக்கு எட்டுமா எட்டாதா என்பது தெரியும். இந்த வேலைக்கு அது போதும்.

முடிவு இதுதான். தூரத்தில் இடதுபக்கமாக எறிந்தால் ஆரணியின் பந்து உயரப் போய்விடுகிறது. அதில் சந்தேகமே இல்லை, வதனியும் ஒத்துக்கொண்டாள். மற்றும்படி, நெருக்கடி கூடக்கூட அவளுடைய பந்து போகிற இடம் ஒடுங்கி, குறி துல்லியமாகிக்கொண்டு வருகிறது. நாடாவுக்குக் கை நீள்கிறது. ஹன்னா என்றால் அதைக் காணமுன்னமே எறிந்துவிடுவாள். ஆரணி நிற்கிறாள். இன்னும் நிற்கிறாள். எனக்குக் கதிரையில் இருக்க ஏலாமல் வந்தது. கை நாடாவைத் தொடுகிற கணத்தில் பந்து புறப்பட்டு, தன் ஆளுக்கு மட்டும் எட்டக்கூடிய ஒரு மூலைக்குப் போய்ச் சேருகிறது.

"எங்கை பழகினவள் இதை?" என்றேன்.

"நீங்கள் ரீ குடிச்சுக்கொண்டு நிக்கேக்கை" என்றாள் வதனி.

6

செவ்வாய்க்கிழமை வேலையால் நேரே பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனேன். பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை. கரெத் புல்லில் கூம்புகளை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கூம்பு கூம்பாக நடந்தபடி என் ஆராய்ச்சியைச் சொன்னேன். குப்பைத்தொட்டியில் தொடங்கியது பிழை என்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் சொல்வது எல்லாம் சரி. நானும் இதே படங்களைத்தான் பார்க்கிறேன். இடதுபக்கம் உயரப் போவதும் தெரியும்."

"அப்படியென்றால் ஏன் ஹன்னா?"

"ஆரணி எப்படி எறிவாள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய ஆட்டம் அவள் ஆடினதில்லை. அந்த நேரம் உள்ளுக்குள் எப்படி இருப்பாள் என்பதைப் படத்தில் பார்க்க முடியாது. வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதைத்தான் கேட்டேன். பதறுவாள் என்றீர்கள்."

"அது நான் மரியாதைக்குச் சொன்னது."

கரெத் கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "யாருக்கு?" என்று கேட்டார்.

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது ஆரணிக்குக் காட்டிய மரியாதை இல்லை, அவருக்கும் இல்லை. ஹன்னாவுக்கு என்று சொல்லலாம், ஆனால் அந்தப் பிள்ளையோடு நான் நாலு சொல் கதைத்ததில்லை. அதனால் வேறொன்று சொன்னேன். நான் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் செய்த ஆக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது ஆரணிக்குப் பதின்மூன்று வயது. ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் தெரிந்த பெண்மணி ஒருத்தி எல்லோருக்கும் கேட்க, "என்ன உயரம், என்ன கெட்டிக்காரி!" என்று அவளைப் புகழ்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வதனி பிள்ளையைக் கதிரையில் இருத்தி, உப்பையும் செத்தல் மிளகாயையும் தலையைச் சுற்றி எடுத்து, காஸ் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த சட்டிக்குள் போட்டாள். மிளகாய் பற்றி எரிந்தது. பக்கத்தில் தொங்கிய துணியும் பற்றியது. புகை அலாரம் கத்தியது. வதனி முருகனைக் கூப்பிட்டாள். நான் பாத்திரம் கழுவுகிற பேசினுக்குக் கீழே இருந்த தீயணைக்கும் சிலிண்டரை எடுத்து, அதில் எழுதியிருந்த அறிவுறுத்தல்களை வாசிக்கத் தொடங்கினேன். கவுன்சில்காரன், முழுக்க வாசிக்காமல் ஒன்றையும் தொடமாட்டான். இரண்டாவது வரிக்கு வரும்போது வேலை முடிந்திருந்தது. ஆரணி காஸை நிற்பாட்டி, குளிக்கிற துவாய் ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் போட்டு மூடி, யன்னலைத் திறந்து, கதிரையில் ஏறி அலாரத்தையும் நிற்பாட்டியிருந்தாள். பிறகு இறங்கிவந்து அதே கதிரையில் இருந்துகொண்டு, "அம்மா, நாவூறு முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

கரெத் கேட்டார், "மிளகாயை ஏன் எரித்தீர்கள்?"

"யாரோ அவளைப் புகழ்ந்துவிட்டார்கள்."

அவர் வெறும் மைதானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அதனால்தான் அன்றைக்கு என்னிடம்..."

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது.

"சரி" என்றார் கரெத். "இன்னொரு தரம் கேட்கிறேன். நெருக்கடி வந்தால் அவள் எப்படி?"

"பதறமாட்டாள்" என்றேன். "பதறுவது நாங்கள்."

அவர் கடைசிக் கூம்பையும் வைத்துவிட்டு வந்தார். ஹன்னாவுக்குக் கொடுத்த வாக்கை மாற்றமாட்டேன், அவள்தான் தொடங்குவாள் என்றார். நாலாவது எறிகளுக்கும் கடைசிக் கோட்டடிக்கும் ஆரணியை இறக்குவதாகச் சொன்னார். அதை அவளுக்குத் தானே சொல்வதாகவும் சொன்னார்.

7

ஞாயிற்றுக்கிழமை வதனியும் வந்தாள். ரீ வாங்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஹன்னா தொடங்கினாள், நன்றாகவே ஆடினாள். நாலாவது எறி என்று வரும்போதெல்லாம் அவள் வெளியே வர ஆரணி உள்ளே போனாள். போகும்போது இருவரும் கையில் கை தட்டிக்கொண்டார்கள். நான் என் வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் ஆட்டத்தைப் பார்த்தேன். ஆரணி எறிந்தவை சேரவேண்டிய இடங்களில் சேர்ந்தன. ஒன்று மட்டும், தூரத்தில் இடதுபக்கம், உயரப் போனது.

ஆட்டம் முடியப்போகிறது. எதிரணி கொஞ்சம் முன்னுக்கு நிற்கிறது. எங்கள் அணி கடைசிக் கோட்டடியில். இது நாலாவது எறி. இது சேர்ந்தால் வெற்றி. ஆரணி உள்ளே போனாள். எனக்குப் பக்கத்தில் நாயோடு நடக்கவந்த ஒரு மனிதர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் மகளா?" என்று கேட்டார். "எப்படி எறிவாள்?"

நாக்கு பழைய வழியில் புரளப்போனது. பிடித்து நிறுத்தினேன்.

"திறமாக எறிவாள்" என்றேன். "இந்த இடத்தில் அவளைவிட நல்ல ஆள் இல்லை."

வதனி மூச்சை உள்ளுக்கு இழுத்தது எனக்குக் கேட்டது. "இஞ்சேருங்கோ, என்ன இது" என்றாள் தாழ்ந்த குரலில்.

ஆரணி நின்றாள். கை நாடாவுக்கு நீண்டது. இன்னும் நின்றாள். பந்து புறப்பட்டு, கோட்டுக்கு அங்கால் மூலையில் பாய்ந்த பிள்ளையின் இரண்டு கைக்குள்ளும் போனது. போய், வெளியே விழுந்தது.

விசில். மற்றப் பக்கத்தார் துள்ளினார்கள். நாய் குரைத்தது. வதனி மைதானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஆரணி போய், விழுந்துகிடந்த அந்தப் பிள்ளையைக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் தோளில் கைபோட்டபடி நின்றாள்.

சாப்பிடுவதற்கு எங்களோடு வீட்டுக்கு வந்தாள். காரில் பின்சீற்றில் இருந்து, இடுப்பில் இன்னும் தொங்கிய நாடாவைக் கழற்றிச் சுருட்டினாள். பிறகு, "அப்பா, அந்த லாஸ்ட் ஒண்டு. நீங்க என்ன போடுவீங்க?" என்றாள். நான் படம் பார்த்து ஆராய்ந்த கதையைத் தாய் அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"சரியான பந்து. பிடிக்காமல் விட்டது அந்தப் பிள்ளை."

"நோ. கொஞ்சம் பதிவு. பாதிப் பிழை என்ர."

"பதிவில்லை. நான் பார்த்தனான்."

"பந்திலையும் பிழையில்லை, பிடிக்கப்போன பிள்ளையிலையும் பிழையில்லை" என்றாள் வதனி. "எல்லாம் இவரின்ரை வாய்."

"அப்பா என்ன சொன்னவர்?"

வதனி சொன்னாள். ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

"யாருக்குச் சொன்னவர்?"

"நாயோடை வந்த ஒரு வெள்ளைக்காரனுக்கு."

"அண்ட் தென் வீ லொஸ்ட்" என்றாள் ஆரணி. சிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு நிறுத்தினாள். "நீங்க கரெத்திட்டயும் போய்க் கதைச்சதாலதானே நான் நாலாவதுக்கு இறங்கினனான்?"

"இல்லை" என்றேன். பாதையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "நீ இறங்கினது நீ எறிஞ்ச எறியாலை."

அவள் ஓகே என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் போனதும் வதனி நேரே குசினிக்குப் போய் உப்பையும் செத்தல் மிளகாயையும் எடுத்தாள். அந்த நெருப்புக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் அதைச் செய்ததில்லை. ஆரணி, இதெல்லாம் என்ன அம்மா என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். அவள் யன்னலைத் திறந்தாள். மேலே போய்க் குளிக்கிற துவாய் ஒன்றை எடுத்துவந்து, பேசினில் நனைத்து, பிழிந்து, மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"ம், சுத்துங்கோ" என்றாள் தாயிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, அலாரம்" என்றாள்.

நான் மற்றக் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினேன். இந்த முறை ஒன்றையும் வாசிக்கவில்லை.